பாலே என்ற சொல்

1952 பிப்ரவரி 10, ஞாயிறு.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு இருக்கிறது. 'மாடிக் கதவைச் சாத்தினேன்' என்று எழுதியிருக்கிறேன். நாதாங்கியையும் மாட்டினேன். சாத்துவது வேறு, வெளியிலிருந்து நாதாங்கி மாட்டுவது வேறு. சொல்லைச் சரியாகக் கையாள வேண்டும் என்றுதான் நான் மாலை வகுப்பிலேயே சேர்ந்தேன்.

குளத்தூர்க் கடலை மண்டியில் எனக்கு வேலை. மண்டிக்கு மேலே, பலகைத் தளம் போட்ட மாடியறையில் ஞானமணி சார் ஆங்கிலம் நடத்தினார். பகலில் வேலை பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் படித்தோம். சாரிடம் ஒரு கிராமபோனும் ஒரு பழைய இசைத்தட்டும் இருந்தன. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தவை. தட்டில் பெரிய வாத்தியக் குழு வாசித்திருந்தது. வாய்ப்பாட்டே கிடையாது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சார் அதைப் போடுவார். எனக்கு அது பிடிக்கும். மற்றவர்களைவிட அதிகமாகவே பிடிக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

தேர்தல் நடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, தட்டின் நடுவே ஒட்டியிருந்த தாளைப் படித்துப் பொருள் சொல்லும்படி சார் என்னை எழுப்பினார். 'ஓபரா' என்பதைச் சரியாகச் சொன்னேன். அதற்கடுத்த சொல்லை, ஓட்டுச்சீட்டைக் குறிக்கும் 'பேலட்' என்று படித்தேன். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த மாதம் ஊர்ச் சுவரெல்லாம், பேச்செல்லாம் ஓட்டுச்சீட்டும் சின்னத்துக்கொன்றாக வைத்த ஓட்டுப்பெட்டியுந்தான். எனவே தைரியமாகப் பொருளும் சொன்னேன்.

"ஓட்டுப் போடுறப்ப வாசிக்கிற மேளங்க சார்."

யாக்கூப் பின்பெஞ்சிலிருந்து எழுந்தான். ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். அடுத்த மாதம் பினாங்குக்குக் கப்பலேற இருந்தான்.

"எந்தப் பெட்டிக்குங்க சார் இந்த மேளம்? காளைமாட்டுப் பெட்டிக்கா, குடிசைப் பெட்டிக்கா?"

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அது பாலே, அழகுமலை," என்றார் பிறகு. "ஓபரான்னா பாட்டாலேயே நடக்குற நாடகம். நடுவுல பாட்டு நின்னுரும். பேச்சும் இருக்காது. ஆடுறவங்க காலு மட்டுந்தான் பேசும். அதுக்கு வாசிக்கிறதுதான் இது."

சார் சிரித்ததை நான் மன்னித்துவிட்டேன். அவர் எனக்குச் சொல் கொடுக்கிறவர். யாக்கூப் எனக்குப் பெயர் வைத்தான். டீக்கடையில் நான் நுழைந்தால், "பேலட்டு வந்துருச்சுப்பா, சீல் வச்ச டீயா ஒண்ணு போடு" என்பான். கடைக்காரரும் சொல்லத் தொடங்கினார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களும் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஆங்கில எழுத்துத் தெரியாது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் என் ஆத்தா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஒன்ன என்னமோ பேலட்டு பேலட்டுங்கிறாகளே, அது என்னய்யா? படிச்சு வாங்குன பட்டமா?"

ஆமாம் என்றேன். ஆத்தா அதைத் தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

நேற்று சார் திருச்சிக்குப் போயிருந்ததால் வகுப்பு இல்லை. மண்டியில் நான் மட்டும் இருந்தேன். மாடிப்படிக்கு அடியில் கடலைத்தொலி கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்திருந்தது. மேலே தட்டுப் பாடும் சத்தம் கேட்டு முற்றத்துக்கு வந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாக்கூப் நின்றான்.

"அடேய் பேலட்டு, மேல வாடா. ஒனக்காகத்தான் சார்ட்ட சாவி வாங்கியாந்தேன். நான் கப்பலேறுறதுக்குள்ள நீ இதக் கேட்டு நாலு வரி எழுதி வகுப்புல படிச்சுக் காட்டணும். ஒரு பய சிரிக்க மாட்டான், நான் பாத்துக்கிறேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போதும் அந்தச் சொல்லைச் சொன்னான்.

"வாரேன்" என்று படியேறினேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன், நாதாங்கியை மாட்டினேன். கீழே இறங்கி, அரிக்கன் விளக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்தேன். நான் எரிக்க நினைத்தது தட்டை. அரக்கில் செய்தது, சீக்கிரம் உருகிவிடும். தட்டு மேலே இருந்தது, தொலி கீழே இருந்தது, அவன் தட்டோடு இருந்தான். இதில் நான் ஏற்பாடு செய்தது கொஞ்சந்தான்.

முற்றத்தில் நின்று கேட்டேன். அவன் கதவுக்கு ஓடினான்; ஜன்னலுக்கு ஓடினான்; மறுபடி கதவுக்கு. என்னைக் கூப்பிட்டான். இந்த முறை அழகுமலை என்று முழுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். புகை ஏறியதும் குரல் நின்றுவிட்டது. தட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சில்லை, பாட்டில்லை, பலகைமேல் கால்கள் மட்டும். சார் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆட்கள் ஓடிவந்தபோது அவர்களோடு நானும் தண்ணீர் சுமந்தேன். உள்ளங்கை கன்றியிருக்கிறது.

இன்று ஊர் முழுக்க ஒரே பேச்சு: யாக்கூப் குடித்துப் போட்ட பீடியால் தீப்பிடித்ததாம். அவன் அம்மா ரம்லத் பீவி தெருவில் உட்கார்ந்து, "எம்புள்ள பீடியத் தொட்டதில்லங்க, ஒருத்தராவது சொல்லுங்களேன்" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. அவர் சொன்னது சரி. யாக்கூப் பீடி குடிக்க மாட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இல்லாத ஒன்றை ஒருவன்மேல் ஒட்டிவிட்டுச் சிரிக்கிறவர்களும் பேசுகிறவர்களும், அது அவனையும் பெற்றவளையும் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்களா? அந்தத் தவறைத் திருத்தத்தான் இதை எழுதினேன். தீ வைத்தது நான்.

நாளை: இதைப் பிழையில்லாமல் சுத்தப் பிரதி எடுத்துக் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சார் வீட்டுக்குப் போய், அவர் முன்னால் நின்று, 'பாலே' என்று ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும்.