மாற்றாத வால்வு

— அப்போ உங்க ராக்கெட்டு கீழ வரும்போதுதான் கெட்டுச்சுங்கிற. ஏறும்போது ஒண்ணும் ஆகலையா பாப்பா?

— ஏறும்போது நல்லாத்தான்ப்பா ஏறுச்சு. மேல போயி அந்தரத்துல நின்னு காட்டுச்சு. கடற்கரையில எல்லாரும் கை தட்டினோம். இறங்கும்போது இன்ஜின் மறுபடி பத்தணும். பத்தல.

— நான் என்ன சொல்றேன்னா, நம்ம ஊர்ல தீவாளிக்கு எம்புட்டு ராக்கெட்டு செஞ்சு அனுப்பியிருக்கோம். எங்கன போயி விழுதுன்னு எவன் பாத்தான்? மேல போயி பூவாக் கொட்டுனா வேலை முடிஞ்சுது. உங்களுக்கு மட்டும் எதுக்கு அது திரும்பி வந்து நட்டமா நிக்கணும்?

— தொழிலே அதுலதான்ப்பா இருக்கு. நம்ம ஊர்ல இருந்து ஆளை ஏத்திக்கிட்டு மெட்ராஸ் போற பஸ்ஸை, அங்கன இறக்கிவிட்டதும் கடல்ல தள்ளிட்டு வந்தா கட்டுபடியாகுமா? இத்தனை வருசம் எல்லா நாட்டுக்காரனும் அப்படித்தான் தள்ளிக்கிட்டு இருந்தான். இப்ப அமெரிக்காவுல ஒரே ராக்கெட்டைக் கழுவித் துடைச்சு திரும்பத் திரும்ப விடுறாங்க. அரசாங்கம் இல்ல, தனியார் கம்பெனி.

— இறங்கி வந்த ராக்கெட்டை ஒரு கோபுரம் ரெண்டு கையை நீட்டிப் பிடிச்சுதே, அதான? நீ அனுப்புன வீடியோ. காளீஸ்வரன் மக கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கிட்டே எல்லாருக்கும் காட்டுனேன். எம்பொண்ணுக்கு இதான் வேலைன்னு.

— எங்களது அம்புட்டுப் பெருசு இல்லப்பா. தென்னைமர உசரம்கூட வராது.

— இருக்கட்டுமே. நம்ம வீட்டுப் பொண்ணுல்ல. பாத்து ஓட்டு, கேட்டு போட்டுட்டான். ரயில் வர்ற நேரந்தான். ஏசியைக் கொஞ்சம் கூட்டி வையி, திருத்தங்கல் வெயிலு மண்டையைப் பொளக்குது.

— அப்பா, அங்கன பஸ் ஸ்டாப்புல நிக்கிறது பொன்னுத்தங்கம் அக்காதான? நம்மளைப் பாத்துட்டாக. வாராக.

— கண்ணாடிய இறக்காத.

— எப்படிப்பா இறக்காம இருக்க?

— அண்ணாச்சி, கும்புடுறேன். வண்டியைப் பாத்ததும் ஓடியாந்தேன். ஸ்ரீமதிம்மா, நல்லாருக்கியாம்மா? எளச்சுப் போயிட்டியே.

— நல்லாருக்கேன்க்கா. நீங்க எப்படி இருக்கீக?

— என்னத்தச் சொல்ல? மூச்சு இருக்கு, அம்புட்டுத்தான். அண்ணாச்சி, நம்ம பட்டாசு ஷெட்டு வெடிச்சதுக்கு இன்னைக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுல விசாரணையாம்ல. எங்க வீட்டாளு மேலதான் தப்புன்னு எழுதப் போறதா தெருவெல்லாம் பேச்சா இருக்கு. குடிச்சிட்டு வெடிமருந்து கலந்தாகளாம். எங்க வீட்டாளு குடிச்சு யாராச்சும் பாத்திருக்கீகளா அண்ணாச்சி? காலையில அஞ்சு மணிக்குப் பழையசோத்து நீச்சத்தண்ணி குடிச்சிட்டுப் போன மனுசன்.

— யாரு சொன்னா அப்படி? ஊர்வாயி என்னமும் பேசும். நான் இருக்கேன்ல, பாத்துக்கிடுறேன் தாயி.

— நீங்கதான் பாக்கணும். காசு பணம்கூட அப்புறம் அண்ணாச்சி. அன்னைக்குக் கூடச் செத்த இருளம்மா மகன் நேத்து எங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துனான். 'எங்க ஆத்தாளைக் கொன்னது உம் புருசன்தான்'னு. கூடவே வெந்து செத்த மனுசனை இப்படிச் சொல்லலாமா? கொழாயடியில பொம்பளைக என்னைக் கண்டா கொடத்தை எடுத்துக்கிட்டு வெலகிப் போறாக. நானும் சூலக்கரைக்குத்தான் போறேன், யாருகிட்டயாவது சொல்லி அழுவோம்னு. நீங்களும் அங்கனதான போறீக? பின்னாடி ஒரு ஓரமா உக்காந்துக்கிடுறேன்.

— இல்ல தாயி. நாங்க மதுரைக்குப் போறோம். பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில காட்டணும்.

— அய்யோ, என்னம்மா செய்யிது உடம்புக்கு?

— ஒண்ணுமில்லக்கா. நீங்க… பஸ்ல ஏறிருங்கக்கா. பஸ் வந்துருச்சு பாருங்க.

— சரிம்மா, உடம்பைப் பாத்துக்க. வாரேன் அண்ணாச்சி.

— போயிட்டு வா தாயி. ம், கேட்டைத் தூக்கிட்டான். எடு, எடு, சட்டுனு எடு.

— ஏன்ப்பா பொய் சொன்னீக?

— சூலக்கரை போயிச் சேர்ற வரைக்கும் அந்தப் பொம்பளை பின்னாடி உக்காந்து அழுகுறதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல பாப்பா. வெடிச்ச நாளில இருந்து கண்ணை மூட முடியல. மூடுனா கருகுன வாடை. அவ புருசன் இசக்கிப்பாண்டி எங்கிட்ட வேலைக்கு வந்தப்ப அவனுக்கு மீசை மொளைக்கல. கொள்ளி வைக்கும்போது அவன் மகனுக்குப் பக்கத்துல நின்னேனே, பாத்தேல்ல?

— பாத்தேன்ப்பா.

— சரி விடு. உங்க கதையைச் சொல்லு. அந்த ராக்கெட்டு ஏன் பத்தலன்னு கடைசியில கண்டுபிடிச்சாகளா?

— எரிபொருள் போற வழியில ஒரு வால்வு. தண்ணிக் கொழாய்த் திருகு மாதிரின்னு வச்சுக்கங்க. முந்தின சோதனையிலயே அது லேசா ஒட்டுச்சு. மாத்திருவோம்னு நான் சொன்னேன்.

— மாத்த வேண்டியதுதான?

— எங்க பாஸ் சொன்னாரு, 'ஒவ்வொரு தடவையும் புதுசு மாத்துனா அப்புறம் என்ன மறுபடி பயன்படுத்துற ராக்கெட்டு? மொதல் போடுறவுக பாக்க வாராக. அதே வால்வோட பறந்தாத்தான் மதிப்பு. கழுவி மாட்டு'ன்னாரு. நாங்க எல்லாரும் சின்ன வயசு. மூணு வருசமா ஒரே ஷெட்டுல தூங்கி எந்திரிச்சவுக. உலகத்துல ரெண்டு நாடுதான் பண்ணுது, மூணாவதா நாம நிப்போம்னு ஒரு வெறி. நானும் கழுவி மாட்டுனேன்.

— பெறகு?

— பெறகென்ன? விழுந்துச்சு. யாருக்கும் காயமில்ல, அதுவரைக்கும் சாமி புண்ணியம். மொதல் போடுறவுக அங்கனயே கார்ல ஏறிட்டாக. அடுத்த வாரம் ரிப்போர்ட்டு போட்டாக. வால்வைச் சரியாச் சோதிக்காதது ஸ்ரீமதின்னு.

— உம் பேரையா?

— எம் பேரைத்தான். பாஸ் தனியாக் கூப்பிட்டு, 'கம்பெனி பொழைக்கணும்மா, ஒரு ஆளைக் காட்டுனாத்தான் மறுபடி காசு வரும், நீ அனுசரிச்சுக்கோ'ன்னாரு. கம்பெனியும் பொழைக்கல. மூடிட்டாக. இப்ப நான் எங்கன வேலைக்குப் போனாலும் அந்த ரிப்போர்ட்டு எனக்கு முன்னாடி போயி உக்காந்திருக்கு. நம்ம நாட்டுல இந்த வேலை பண்ற கம்பெனியெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவுகதான்.

— வெளிநாட்டுல பாக்க வேண்டியதுதான? அந்தக் கோபுரக் கம்பெனியில?

— அங்கன ராக்கெட்டு வேலைக்கு அந்த ஊர்க்காரவுகளாத்தான் இருக்கணும்ப்பா. ராணுவ ரகசியம் மாதிரி வச்சிருக்காக. எம் பேரை வாசிக்கக்கூட மாட்டாக.

— இதையெல்லாம் ஏன் இம்புட்டு நாளா சொல்லல?

— சொல்லத்தான் ஊருக்கு வந்தேன். வந்த மறுவாரம் நம்ம ஷெட்டு வெடிச்சிருச்சு.

— ம். நாசமாப் போன வருசம். சரி, நான் என்ன சொல்றேன்னா… கோவப்படாமக் கேளு.

— சொல்லுங்க.

— உம்மேல பழி போட்டாக. தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா நீ உசுரோட இருக்க. உனக்கு வலிக்குது. செத்தவனுக்கு என்ன வலிக்கப் போவுது?

— என்னப்பா சொல்ல வாரீக?

— விசாரிக்கிற அதிகாரி சின்ன வயசுப் பையன். நெறையாப் படிச்சவன். என் பேச்சை நம்ப மாட்டான். நீ ராக்கெட்டு இன்ஜினியரு, நீ சொன்னா நம்புவான். மருந்தை இப்படிக் கலந்தா சூடேறும், இப்படி அள்ளுனா உரசும்னு உனக்குத் தெரிஞ்ச பாசையில எடுத்துச் சொல்லு. போர்மேன் இசக்கியோட கைத்தப்புன்னு வந்துட்டா கேஸு அங்கன முடிஞ்சிரும். லைசென்சு தப்பிச்சிரும்.

— இசக்கி அண்ணன் கலந்ததுல தப்பு இருந்துச்சா?

— இருந்திருக்கும். மனுசன்தான?

— சட்டப்படி ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும். அன்னைக்கு எத்தனை பேரு இருந்தாக?

— சீசன் பாப்பா. வடக்க இருந்து ஆர்டர் நெருக்குறான். ஊரு பூரா எவன் நாலு பேரை வச்சு ஓட்டுறான், சொல்லு?

— ஊர்ல எல்லாரும் பண்ணுனா மருந்துக்குத் தெரியுமாப்பா?

— என்கிட்ட ஞாயம் பேசாத. நான் எனக்காகவா கேக்குறேன்? கம்பெனியை இழுத்துப் பூட்டுனா, இந்தத் தீவாளிக்கு அம்புட்டுச் சனமும் எங்கன போகும்? பொன்னுத்தங்கத்துக்கே மாசாமாசம் நான்தான குடுக்கப் போறேன்? அவ மகனைப் படிக்க வைக்கிறேன். எழுதிக்கூடத் தாரேன். நான் ஜெயில்ல இருந்தா அதை யாரு செய்வா? நீ செய்வியா? உனக்கே வேலை இல்ல.

— இல்லதான்.

— மனசு நோகச் சொல்லல. உள்ளதைச் சொன்னேன். பேசாம நம்ம கம்பெனியை நீயே பாரு. உன் கையில நல்லாருக்கும். ஆமத்தூர் வந்துருச்சு, ஒரு இளநி குடிப்பமா? மொகமே வெளுத்துப் போச்சு உனக்கு.

— வேண்டாம்ப்பா.

— அப்போ சொல்லிருவேல்ல?

— அப்பா, அன்னைக்குக் காலையில இசக்கி அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணுனாரு.

— …யாரு சொன்னா?

— நான் அடுப்படியில இருந்தேன். நீங்க முற்றத்துல நின்னு பேசுனீக. ஸ்பீக்கர்ல போட்டுட்டு சவரம் பண்ணிக்கிட்டு இருந்தீக. 'அண்ணாச்சி, வெயில் ஏறிருச்சு, ரூம்ல ஆளும் கூடுதலா இருக்கு, மருந்து வேலையை நிப்பாட்டிருவோம், நாளைக்கு விடியக்காலம் பாத்துக்கிடலாம்'னு அவரு சொன்னாரு.

— பாப்பா…

— 'சாயந்தரம் லோடு ஏறணும்லே. பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போ, வேற ஆளு பாத்துக்கிடுவான்'னு நீங்க சொன்னீக. 'சரி அண்ணாச்சி'ன்னு அவரு வச்சிட்டாரு. நான் உங்களுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்தேன். நீங்க பாதி குடிக்கும்போது சத்தம் கேட்டுச்சு.

— அது… தொழில்ல பேசுற பேச்சு. தெனமும் பேசுறதுதான். வெடிக்கும்னு நெனச்சா எவனாவது சொல்லுவானா? எனக்குச் சோறு போட்டவன்டா அவன். எனக்குத் தெரியாதா?

— தெரியும்ப்பா. எங்க பாஸும் கெட்டவரு இல்ல. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப அவருதான் கஞ்சி வாங்கியாந்தாரு.

— இப்ப என்ன செய்யணுங்கிற? நானே போயி கழுத்தை நீட்டணுமா? இந்த வயசுல? உங்கம்மா தாங்குவாளா? ரெண்டு பேரு மானமும் போயி, கம்பெனியும் போயி, தெருவுல நிப்போம். அதுல யாருக்கு என்ன கெடைக்கும்? செத்தவுக திரும்பி வந்துருவாகளா?

— வரமாட்டாக. யாருக்கும் ஒண்ணும் கெடைக்காதுப்பா. அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன்.

— யோசிச்சேல்ல? அப்புறம் என்ன? வேணாம், நீ ஒண்ணுமே சொல்ல வேணாம். சும்மா என் பக்கத்துல உக்காந்திரு. கேட்டா தெரியாதுன்னு சொல்லு. அது போதும் எனக்கு. பெத்த அப்பன் கேக்குறேன்.

— அழாதீகப்பா.

— வண்டியை ஓரமா நிப்பாட்டு. திருப்பிரு. இன்னைக்குப் போக வேணாம். எனக்கு நெஞ்சு வலின்னு போன் பண்ணிச் சொல்லிருவோம். நாளைக்கு வக்கீலைக் கேட்டுக்கிட்டுப் போவோம். கேக்குதா பாப்பா? ஏன் நிப்பாட்ட மாட்டேங்கிற?

— நான் நேத்தே சூலக்கரை போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன்ப்பா. இன்னைக்கு உங்களைக் கூட்டியாரச் சொன்னாக.