மிளகுச் சாக்குக்குள் ஒரு துண்டு

நாலந்தாவிலிருந்து மாத்தளைக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த தங்கை தன் அண்ணனிடம் சொன்னாள்: "பாதியில நின்னு சாகிற புரோகிராமும் தன் ஊரைச் சொல்லிட்டுத்தான் சாகணும், நானா."

இருவரும் லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளம் ஒன்றுக்குப் புரோகிராம்கள் கட்டித் தருபவர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் பெயரையும் கட்டிய இடத்தையும் பதிப்பதா என்று அதை நடத்தும் குழுவுக்கு அன்றே பதில் அனுப்ப வேண்டுமாம்.

"எல்லா விவரமும் வெளிய, புரோகிராமைப் போட்டு அனுப்புற பெட்டியில இருக்கே. உள்ள வச்சா சும்மா கனக்கும்" என்றார் அண்ணன்.

"பெட்டி தொலைஞ்சா? போன வாரம் ஒருத்தருக்கு நின்னுபோன புரோகிராமை, யாரு கட்டினதுன்னு தெரியாம இன்னும் திருத்த முடியலயே. வாப்பா மிளகுச் சாக்குக்குள்ளயும் ஏன் பேரெழுதின துண்டு போடுறாரு?"

"வெளிய எழுதினது மழையில அழிஞ்சிடும்னு." அண்ணன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "சரி, பதிக்கலாம்னே அனுப்பு."

"இனி எந்த நாட்டுல புரோகிராம் நின்னாலும் நம்மளைத் தேடி வருவாங்க."

"நம்ம மாத்தளைக்கா?" அவர் குரல் வியப்பில் தாழ்ந்தது.

"மாத்தளைக்குத்தான்."