இளைத்துப்போன மரங்கள்

– கூரையை விட்டு இறங்கு சைஃபு. மரம் வளர வளரப் பருக்குமா, இளைக்குமா? அதை மட்டும் சொல்லிட்டு ஏறிக்கோ.

– இது என்ன கேள்வி மரியாமுக்கா? கல்யாணத்துக்கு எட்டே நாள். வீடு முடிக்காத மாப்பிள்ளைக்கு இந்தக் கரையில எவன் பொண்ணு தருவான்?

– உப்பங்கழியில நாங்க நம்பர் போட்டு வச்ச கண்டல் மரத்துல நாப்பத்தேழாம் நம்பர். போன வருஷம் என் தொடை கனம். இன்னிக்கு என் மணிக்கட்டு கனம்.

– உப்புத் தண்ணிதானே, வாடியிருக்கும்.

– ஒண்ணு ரெண்டு இல்லடா, பதினாறு மரம். ஆனா நம்பர் தகடு மட்டும் வாடலை. புது ஆணியில பளபளன்னு தொங்குது.

– அல்லா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும்...

– அல்லாவை இழுக்காதே. அது நம்ம வாப்பா படகுக்கு வாங்கி வச்ச ஆணி. வெட்டின அடிக்கட்டையைச் சேறு போட்டு வேற மூடியிருக்கே.

– சரி, வெட்டினேன். லாமு தீவுலேர்ந்து வீட்டுக்குக் கம்பு வர ரெண்டு மாசம் ஆகுமாம், நான் எங்க போக? தகட்டைப் பக்கத்து மரத்துல அடிச்சுட்டேன்ல? எண்ணிக்கை குறையலையே!

– வெளிநாட்டுக்காரன் தலை எண்ணியாடா நமக்குக் காசு கொடுக்கிறான்? ஊர் உலகம் விடுற புகையில இருக்கிற கரியை அந்த மரமும் சேறும் பிடிச்சு வைக்குதுன்னுதான் கொடுக்கிறான். கனத்துக்குத்தான் கணக்கு. வியாழக்கிழமை அவங்க ஆள் அளக்க வர்றார். ஒப்பந்தம் போச்சுன்னா, அந்தக் காசுல போட்ட ஊர்க் குழாயில காத்துதான் வரும். பழையபடி குடத்தைத் தூக்கிட்டு நாங்க நடக்கணும்.

– கம்பையெல்லாம் பிடுங்கித் திரும்ப நட்டுடவா?

– நடு, துளிர்க்கும்.

– கிண்டல் பண்ணாதேக்கா. பயமா இருக்கு. என்ன செய்யணும், சொல்லு.

– அவர் வந்ததும் எதிர்ல நின்னு நீயே ஒத்துக்கணும். ஒரு மரத்துக்குப் பத்து நாத்து நடணும். மூணு வருஷம் காவல் இருக்கணும். பொம்பளைங்க சங்கத்துல நேத்தே முடிவாயிருச்சு.

– நேத்தேவா! அக்கா, எது வேணும்னாலும் செய்றேன். ருகியா காதுக்கு மட்டும் போகக்கூடாது. கட்டிக்கப் போறவ முன்னால என்னைத் திருடனா நிறுத்திடாதே. முந்தாநாள் வீடு பாக்க வந்தா. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு தூணையும் ரெண்டு கையால சுத்திப் பிடிச்சுப் பாத்தா.

– சந்தோஷமா? போன வாரம் அவ எங்க சங்கத்துல சேர்ந்துட்டாடா. அளவெடுத்திருக்கா. உன் பேரைச் சொன்னதே அவதான்.