இல்லாத டிஸ்க்குக்கு ஒன்றரை நிமிடம்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் போர்வெல் ஆபீஸ் ஒன்றில் வண்டிகள் கிளம்பக் கம்ப்யூட்டரில் டிரிப் சீட்டு அடித்துத் தரும் பெண். பக்கத்தில், அங்கே கம்ப்யூட்டர் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும் இளைஞர். துக்க வீட்டில் பேசுவதைப் போலத் தொடங்கினார்.

“தினமும் ஒண்ணரை நிமிஷம், இல்லாத டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்குதுங்க்கா.”

“எது தம்பி?”

“உங்க கம்ப்யூட்டருங்க. ஆன் ஆகறப்ப எது எவ்வளவு நேரம் திங்குதுன்னு அளக்க லினக்ஸ்ல ஒரு டூல் இருக்குது. ஓட்டிப் பாத்தேன். உள்ள இருந்த ரெண்டாவது ஹார்ட் டிஸ்க்கை யாரோ கழட்டிட்டாங்க. பாவம், அது இன்னும் வரும் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்குது.”

“யாரோ என்ன யாரோ? ஓனருதான் படம் பாக்க ஊட்டுக்குக் கொண்டு போனாரு. காலையில வண்டி கெளம்ப லேட்டானா மட்டும், நான் தூங்கறேன்னு தெருவுக்கே கேக்கச் சத்தம் போடறாரு. அவருகிட்டச் சொன்னீங்களா?”

“அளந்ததையே காட்டுனேனுங்க்கா.”

“என்ன சொன்னாரு?”

“டிஸ்க்கு கெடக்கட்டும், மொதல்ல அந்த டூலைக் கழட்டுன்னாரு.”