பச்சைத் தவளையின் பலகை

ஆறு இருபது. கணவன் தோக்சு வீடு திரும்ப இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

மிரான் சோயாக் குழம்பை அடுப்பில் ஏற்றித் தீயைக் குறைத்தாள். கூடத்துக்கு வந்து ஒயரில்லாத போனை எடுத்தாள். எண்ணை உள்ளங்கையில் எழுதியிருந்தாள். இல்சான் ஏரிப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் இரண்டு சக்கரப் பலகையில் ஏறி நின்று ஓட்டுகிறவர்களின் கிளப் அது. புதிதாகச் சேருகிறவர்கள் பச்சைத் தவளையைக் கூப்பிடவும் என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர்தான்.

தோக்சு ஜனவரியிலிருந்து போகிறான். இது ஜூன். எல்லாம் ஆபீஸ் ஆம்பிளைங்கதான் என்று சொல்லியிருந்தான். போன வாரம் அவனுடைய முழங்கால் உறையைத் துவைத்தபோது, கிழிந்திருந்த இடம் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. மிரான் தைக்கவில்லை. தோக்சுவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

"ஹலோ… பச்சைத் தவளைங்களா?"

பெண் குரல். மிரான் சோபாவில் உட்கார்ந்தாள்.

"…இருக்கேங்க, லைன்லதான் இருக்கேன். ஆம்பிளைன்னு நினைச்சுட்டேன், அதான்… ஆமா, ஆமா, தவளையில எது ஆண் எது பெண்ணுன்னு யாரு பார்த்தா… சேரணும்னுதான் கூப்பிட்டேன்… என் பேரா? ஓ, நானா ஒண்ணு வச்சுக்கணுமா?"

சமையல் மேடையில் உரித்த பூண்டு கிடந்தது.

"பூண்டு. பூண்டுன்னு போட்டுக்குங்க… முப்பத்தெட்டு… சரி, அக்கான்னே கூப்பிடு. உனக்கு?… இருபத்தொன்பதா… ஒண்ணுமில்லை. நல்ல வயசு."

"…போர்டு வாங்கணும். கடையில எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எதை எடுக்கிறதுன்னு தெரியலை… உயரம் நூத்தி அம்பத்தெட்டு… எடை எதுக்கு?… அம்பத்திரண்டு… நடுவுல இருக்கிற கம்பியா? முன் தட்டையும் பின் தட்டையும் சேர்க்கிறது, அது. ஆமா… நாம முறுக்க முறுக்க அதுதான் ஓட வைக்குமா… லேசான ஆளுக்குக் கெட்டிக் கம்பி ஆகாது. சரி… கனமான ஆளு இளகின கம்பில நின்னா துவண்டுடும்… ம்… அப்போ அம்பத்தேழுன்னு எழுதிக்கோ."

"…அம்பத்தெட்டு. இதுக்கு மேல கேக்காதே… சிரிக்காதேடி. உன் எடை எவ்வளவு, சொல்லு பார்ப்போம்… நீயும் அம்பத்தெட்டா?"

அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எந்தக் கால் முன்னாடி வரும்னு எனக்கெப்படித் தெரியும்?… சொல்லாம கொள்ளாம பின்னாலிருந்து ஒருத்தர் தள்ளணுமா? வீட்ல தள்ள ஆளில்லையே இப்போ… இரு."

எழுந்து நின்று, விழப்போகும் வரை முன்னால் சாய்ந்தாள்.

"வலது… அதுவும் உன்னை மாதிரியேவா? சரிதான்."

"…இல்லை, ஒரு போர்டு இங்கயே கிடக்கு. தம்பியோடது. விட்டுட்டுப் போயிருக்கான்… இப்பவேவா? கூடத்துலயா? கீழ் வீட்டுக்காரி சண்டைக்கு வந்துடுவா… சரி, சரி, எடுக்கிறேன்."

செருப்பு அலமாரியிலிருந்து தோக்சுவின் பலகையை எடுத்தாள். தரையில் வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டுக்கு ஒரு சக்கரம்தான்.

"நிக்கவே மாட்டேங்குதே… ஓடினாத்தான் நிக்குமா? நல்ல கூத்து… வலது கால் முன் தட்டுல, வச்சாச்சு. இடது காலால ஒரு உதை. உடனே ஏறிடணும்… ஃபிரிட்ஜைப் பிடிச்சிருக்கேன்… ஐயோ!"

"…ஒண்ணுமில்லை, உக்காந்துட்டேன்… ஆமா, காலைத்தான் பார்த்தேன். பார்க்கக் கூடாதா? பின்னே எதைப் பார்க்கிறது?… எதிர்ல இருக்கிறவங்க முகத்தை… ஓ. எதிர்ல யாரு இருப்பாங்க?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டு கையையும்… அவங்க பின்பக்கமாவே நடந்து போவாங்க, நாம அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு… புரியுது. நல்லாப் புரியுது… எத்தனை நாளைக்கு அப்படி?… ரெண்டு மாசமா! யாரு அந்த மகாராஜன், ரெண்டு மாசம் கையைக் குடுத்துட்டு நின்னவரு?… மழைக்கோட்டா? பேரைப் பாரு… யாரு பிடிச்சா அவரை?… நீதானா."

"…சொல்லேன், சும்மா கேக்குறேன். எப்படிப்பட்ட ஆளு?… உயரம். ம்… விழுந்தா முதல்ல கண்ணாடியைத் துடைப்பாரா?… அதிகம் பேச மாட்டார்."

கண்ணாடி போட்ட, பேசாத, உயரமான ஆண்கள் இல்சானில் ஆயிரம் பேர் இருப்பார்கள். மிரான் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"தீனி வேற கொண்டு வர்றாரா? பரவாயில்லையே… முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்… அவரே போட்டதா! எதுல கொண்டு வருவாரு?… இல்லைம்மா, வாடை வருமேன்னு… மஞ்சள் மூடி… ஓரத்துல விரிசல். டேப் ஒட்டியிருக்கு."

அந்த டேப்பை ஒட்டியது மிரான். டப்பா காணாமல் போய் நான்கு மாதம் ஆகிறது. மாடி வீட்டுக்காரி திருப்பித் தரவில்லை என்று நினைத்து, அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"…இருக்கேன். உப்பு எப்படி இருந்துச்சு?… தூக்கலாவா? அது அப்படித்தாண்டி இருக்கணும். உப்பு இறால் போட்டு ரெண்டு நாள் வெளியில வச்சா… எனக்கெப்படித் தெரியும்னா, எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க."

"…தனி ஆளா? கேட்டியா அவரை?… கேக்குற வழக்கம் இல்லை, ஆனா அவரா சொன்னாரு… ஒரு ஆளுக்குச் சோறு பொங்க அலுப்பா இருக்கும்னு… ம்… கடை நூடுல்ஸை வாங்கி நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் படுத்துடுவாரா. பாவம்தான்… ஆமா, ஆமா. பாவம்."

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் போய் அணைத்தாள். அவனுக்குப் பிடிக்கும் என்று இன்று மட்டிச் சிப்பி போட்டிருந்தாள்.

"முழங்கால் உறையை நீதான் தைச்சியா?… இல்லை, அவரோடதுன்னு நான் சொல்லலையே. பொதுவாக் கேட்டேன், கிழிஞ்சா யார் தைப்பாங்கன்னு… பச்சை நூல்தான் இருந்துச்சா. சரி."

"…சக்கரத்தையா? தேய்ஞ்சிருக்கான்னு… புரட்டிப் பார்க்கிறேன், இரு."

பலகையைப் புரட்டினாள். பின் தட்டின் அடியில் ஒரு பச்சைத் தவளை ஒட்டியிருந்தது. ஒரு கண் தேய்ந்துபோயிருந்தது.

மிரான் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"…லைன் போகலை. இருக்கேன். உங்க போர்டுக்கு அடியில ஏதாவது ஒட்டுவீங்களா?… அவங்கவங்க பேருக்குத் தகுந்த படம். அப்போ உன்னோடதுல தவளை… அது இப்போ உன்கிட்டதானே இருக்கு?… மாத்திக்கிட்டீங்களா. யாரோட?… ம். எதுக்கு?"

"…நூறாவது நாளா."

தொண்ணூறாம் வருடம், அவளுக்கு இருபது வயதில், அவளும் அவனும் காதலிக்கத் தொடங்கிய நூறாவது நாள், தோக்சு அவளுக்கு ஒரு குடை கொடுத்தான். எண்ணிக்கிட்டே வந்தேன் என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தக் குடை இன்னும் செருப்பு அலமாரியில்தான் இருந்தது. பலகையை எடுக்கும்போது அதைத்தான் நகர்த்தி வைத்தாள்.

"அவரா ஞாபகம் வச்சிருந்தாரு?… எண்ணிக்கிட்டே வந்தாராமா… ம்… சந்தோஷம்தான். ஏன் சந்தோஷப்பட மாட்டேன்? குரல் அப்படியா இருக்கு? விழுந்தேன்ல, இடுப்பு வலி… ஆனா ஒண்ணு. அவர் கனத்துக்கு உன் கம்பி துவளுமே. இப்பத்தானே சொல்லிக் குடுத்தே… பரவாயில்லைன்னுட்டாரா. துவண்டாலும் பரவாயில்லைன்னு… சரி, சரி, போதும். விளக்க வேண்டாம்."

பலகையை நேராக்கினாள். அம்பத்தெட்டுக் கிலோவுக்கான கம்பி. வலது கால் முன்னால் வைக்கிறவளின் பலகை. அவளுக்கு அளவெடுத்தது போல இருந்தது.

"இரு, இன்னொரு தடவை ஏறுறேன்… இப்பவேதான்… கையைப் பிடிக்க யாரும் வேண்டாம். நீ சொல்லு, நான் செய்யுறேன்."

எதிர்ச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. தோக்சுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தரையை உதைத்து ஏறினாள்.

"ஏறிட்டேன்… முன் கால் விரலை அழுத்தி… பின் கால்ல குதிகால்… இப்போ மாத்தி… மாத்தி… ஆட்டு, ஆட்டுன்னா எதை, இடுப்பையா?… போகுது… ஏய், போகுதுடி! போகுது!"

சோபாவைத் தாண்டிப் படத்துக்குக் கீழே சுவரில் கைகளை ஊன்றி நின்றாள். போன் தரையில் விழுந்து, அதற்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. குனிந்து எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தினாள்.

"…ஆமா, சுவர் வரைக்கும்… ரெண்டாவது தடவையிலயே. அவருக்கு ரெண்டு மாசம்னியே… யாருக்கும் வந்ததில்லையா இப்படி? உனக்கு எத்தனை நாள் ஆச்சு?… மூணு நாள். பார்த்துக்கோ."

"…சனிக்கிழமையா? வரேனே… நேரா வந்து நின்னா போதுமா, யாரு சொல்லிக் குடுப்பாங்க?… அவரா? புதுசா வர்றவங்களுக்கெல்லாம் இப்போ அவர்தானா… உனக்குப் பரவாயில்லையா? அவர் இன்னொருத்தி ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, முகத்தைப் பார்த்துக்கிட்டு பின்பக்கமாவே நடந்தா?… எரியாதா?… கொஞ்சம்கூடவா?"

மறுமுனை சொன்னதை அவள் வெகுநேரம் கேட்டாள்.

"…நல்ல பொண்ணுடி நீ. எனக்கு எரியுது."

வாசலில் எண் பூட்டு கீச்சிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நான்கு கீச்சு, நான்கு இலக்கம்: மிரான் பிறந்த தேதி. அந்த எண்ணை வைத்தது அவள்தான், அவன் மறக்காமல் இருக்க.

"வைக்காதேம்மா, ஒரு நிமிஷம்… யாரோ வந்திருக்காங்க… இல்லை, இடைஞ்சல் இல்லை. நீ லைன்லயே இரு… சத்தியமா இரு."

தோக்சு ஒரு செருப்பைக் கழற்றியிருந்தான். பலகையைப் பார்த்தான். அதன் மேல் இருந்த அவள் காலைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான்.

மிரான் பலகையிலிருந்து இறங்கவில்லை. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, போனை அவன் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, பச்சைத் தவளை லைன்ல இருக்கா. தனியாத்தான் இருக்கேன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, நானும் கேக்குறேன்."