வெள்ளைக்காரனுக்கு ஒரு மனு

ஹலோ... ஹலோ, சொசைட்டியா? சிங்காரவேலு அண்ணே, நான் வேம்பு, கோவிந்தராசு மக. மன்னார்குடிலேர்ந்து பேசுறேன்... ஆமாண்ணே, ரிசல்ட் வந்துடுச்சு! அப்பா அங்கதானே உக்காந்திருக்கு?... குடுங்கண்ணே, சீக்கிரம், காசு போட்டுப் பேசுற போனு!

அப்பா! பாஸுப்பா! எல்லாம் பாஸு!... ஆமாம்... ஆமாம்ப்பா, அந்த நாவல் பேப்பரும்தான்! அதுலதான் காலேஜ்லயே ஃபஸ்ட்டு!... அழுவுறேனா? சிரிக்கிறேன்ப்பா! குதிக்கிற குதியில விழுந்துடப் போறேன்னு கூடப் படிக்கிற ஜன்னத் பீவி என்னைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா.

இல்ல, கேளு... ஒரு பேப்பர் போனாலும் எம்.ஏ. கெடையாது, நடவுக்கு வந்துடுன்னு அம்மா சொல்லுச்சுல்ல? ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கலப்பா... ஏன்னா? சொன்னா திட்டக்கூடாது... சத்தியமா?

பழைய இங்கிலீஷ் நாவல்ப்பா. அதுல ஒருத்தன் குத்தகை சாகுபடி. பயிரு வெளைஞ்சு நிக்கிறப்ப அந்த ஊரு மிராசுதாரு வெளியேத்திப்புடுறாரு... ஆமாம்ப்பா, அங்கயும்தான்! வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரனே!... அவன் அழிஞ்சதுக்கு யார் காரணம், கட்டுரை எழுதுன்னு கேள்வி. படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. கை அதுபாட்டுக்கு எழுத ஆரம்பிச்சிடுச்சு... என்னத்தையா? மனுப்பா, மனு! உனக்கும் நம்ம தெருவுக்கும் எத்தன எழுதியிருக்கேன், அதே மாதிரி, இங்கிலீஷ்ல! 'மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் தெரிவிப்பது'... சிரிக்காத! தலைமுறையா சாகுபடி, குத்தகை அளந்தாச்சு, ரசீது குடுக்க மாட்டேங்கிறாங்க, ஆளை விட்டு கதிரை அறுத்துட்டாங்க... நாவல்ல ஏதுப்பா ரசீது? அது நம்ம கேஸுல உள்ளது! 'மேற்படி நிலத்தை இவர் பெயருக்கே பதிவு செய்து உதவுமாறு'ன்னு முடிச்சிட்டேன். கையெழுத்துப் போடப் போனப்பதான் முழிச்சேன்!

...ஆமாம்... ஆமாம், எங்க மேடம்ட்ட இன்னிக்குத்தான் சொன்னேன். தலையில கைய வெச்சிக்கிட்டாங்க. திருத்தின புண்ணியவான் எந்த ஊரோன்னு ஒரே சிரிப்பு.

அய்யோ, போனு கத்துது! ஜன்னத், ஒரு காசு குடுடி, ஓடு ஓடு... ஆங், சொல்லுப்பா... என்னது?... அந்த ஆளுக்கு நெலம் கெடைச்சுதாவா?

இல்லப்பா. கதையில கெடைக்கல. ரோட்டோரமா கெடந்து செத்துப்போறான்.

அப்பா?... அட, அது கதைப்பா! இங்க கேளு. நான் எழுதினதுல அவனுக்கே குடுக்கச் சொல்லிட்டேன். அதைப் படிச்சிட்டுத்தானே மார்க்கு போட்டிருக்காங்க?... ஆமாம்... ஆமாம்ப்பா... வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரணைக்கு நானும் வர்றேன். நீ வாயத் தொறக்க வேணாம், நானே வாசிக்கிறேன்... எதையா? அதே மனுதான்ப்பா! வெள்ளைக்காரன் பேரை அடிச்சிட்டு உம்பேரை எழு...

ஹலோ? அப்பா? ஹலோ?