சுவருக்குள் பாடியவள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மூட்டுவலியோடு மூன்று மாடி இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் மழலைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்கட்டு வீடுகளின் சுவர்ச் சந்துகளையும் அடைத்துப் பூசுவதா என்று முடிவெடுக்கக் கூடியிருக்கும் அண்டை வீட்டாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு காலத்தில் மருத்துவமனையாக இருந்த மாளிகை இது. நோயாளிகள் படுத்திருந்த கூடங்களில் இன்று நாம் குடியிருக்கிறோம். காற்றடித்தால் இதன் சுவர்கள் பாடும். சந்துகளில் காற்று நுழைந்ததும், ஒரு பெண் முனகுவதுபோல் மெல்லப் பாடும். பாட்டுக்காரி என்று அவளுக்குப் பெயரே வைத்திருந்தோம். பழகியும் போனோம்.

பிறகு எரிவாயுவையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கப் புறப்பட்டோம். தவறா? தவறே இல்லை. சூடு வெளியேறாதிருக்கக் கூரைக்கடியில் பஞ்சு விரித்தோம், கண்ணாடியை இரட்டையாக்கினோம். அதோடு நின்றோமா? பாட்டு கேட்ட இடமெல்லாம் பூசினோம். காதால் அளந்து சுவரை அடைத்தவர்கள் உலகில் நாம் மட்டும்தான். சிரிக்கிறீர்கள், அன்று நானும் சிரித்தேன். எல்லாவற்றையும்விட உரக்கப் பாடியது, என் அக்கா வீட்டில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னாலிருந்த காற்றுத்துளை. அதையும் அடைத்தோம். பாட்டு நின்றது. கைதட்டினோம்.

குளிர் தொடங்கிய வாரம் அக்கா என்னிடம் சொன்னாள்: "வெளிய பாடிட்டிருந்தவ உள்ள வந்துட்டாடி."

பேய்ப்படத்தைக் குறைத்துக்கொள் என்று அத்தான் கிண்டல் செய்தார், தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே. அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில், அதே அத்தான் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்து, மரியாதையாக, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றார்.

அக்கா அந்த இடத்தில் ஒரு தட்டு வைத்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். பெரியோர்களே, எங்கள் மூவரில் ஒருவருக்குக்கூட அது விசித்திரமாகப் படவில்லை!

டம்ளர் நிரம்பி வழிந்து, குளிர்ந்த நீர் என் பாதத்தில் கொட்டியது. அப்போதுதான் கேட்டேன்: "பாப்பா இன்னுமா தூங்குறா?"

அக்காவின் கைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கினால், துணிபோல் தொங்கினாள். ஜன்னல் திறக்கவில்லை, அவ்வளவு நன்றாக அடைத்திருந்தோம். நாற்காலியால் உடைத்தேன். எந்த நாற்காலி என்றா கேட்கிறீர்கள், அம்மா? அதேதான்.

போதிய காற்றில்லாமல் எரிந்த கொதிகலன், மணமில்லாத, நிறமில்லாத நச்சு வாயுவால் வீட்டை நிரப்பியிருந்தது. அது மூளையை மயக்கும், இல்லாதவரைக் காட்டும் என்றார் மருத்துவர். நம்புகிறேன். மூவருக்கும் ஒரே நாற்காலியிலா என்று கேட்டேன். அவர் பாப்பாவின் மூச்சை இன்னொருமுறை பார்க்கப் போனார்.

மிச்சம் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் எந்த நெருப்பு எந்தத் துளையை நம்பி எரிகிறது என்று பாருங்கள். அடைக்கும் சந்துக்கெல்லாம் ஈடாக, காற்றுக்கு ஒரு வழி வையுங்கள். நச்சு வாயு வந்தால் அலறும் கருவியை வீட்டுக்கு வீடு மாட்டுங்கள். அதுவரை பின்கட்டில் கொத்துக்கரண்டியை எவரும் தொடக் கூடாது. தொடலாமா? சொல்லுங்கள், தொடலாமா?

முன்வரிசையில் பாப்பா கத்துகிறாள். வெளியே தூக்கிப் போகாதே, அக்கா. கத்தட்டும்.

கொதிகலனைச் சரிபார்த்து, இன்று காலை அந்தத் துளையைத் திறந்துவிட்டோம். சற்றே அமைதியாகக் கேளுங்கள்... மாடியில் பாட்டுக்காரி தொடங்கிவிட்டாள். வெளியே இருக்கிறாள். வெளியிலேயே இருந்து பாடட்டும்.

செவிகொடுத்த உங்களுக்கும், அழுகிற அந்தப் பிஞ்சுக் குரலுக்கும் நன்றி. வணக்கம்.